முன்வாசல் திறந்துதான் இருக்கிறது: ரூட்டரில் மாற்று வழி வைக்க எந்த முறை?

கானாடுகாத்தானில் ஒரு வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே முகப்பு, வளவு (தூண்கள் சூழ்ந்த முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நடந்துகொண்டே இருக்கலாம். பங்காளிகள் கூடிப் பேசி, பன்னிரண்டு அறைகளை வெளியூர் விருந்தினருக்கு விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுத்தவன் நான். ஒரு ஃபைபர் இணைப்பு, அது நின்றால் ஓட ஒரு சிம் இணைப்பு, இரண்டையும் தாங்கும் ஒரு ரூட்டர். 'மாற்று வழி அமைத்தது' என்று பில்லில் தனி வரியே எழுதிப் பணம் வாங்கியிருந்தேன்.

தை மாதக் கடைசியில் வைக்கோல் ஏற்றி வந்த லாரி ஒன்று, தெருவின் குறுக்கே தாழ்ந்து தொங்கிய ஃபைபர் கேபிளை அறுத்துக்கொண்டு போனது. காலை பத்து மணி, விருந்தினர் அறையைக் காலி செய்து கணக்கு முடிக்கும் நேரம். சுண்ணாம்புக் காரை பூசிய அந்தத் தடித்த சுவர்களுக்குள் செல்போன் சிக்னலும் நுழையாது. மேலாளர் ஒவ்வொரு விருந்தினரையும் தெருத் திண்ணைக்கு அழைத்துப் போய், அங்கே நிற்கவைத்துப் பணம் வாங்கியிருக்கிறார். பன்னிரண்டரை மணிக்கு அந்த வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ரெண்டு இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். ஒன்றுகூட ஓடவில்லையே?"

சிம் இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. ஃபைபர் செத்துவிட்டது என்று ரூட்டருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தவறு என்னுடையது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காக ஒவ்வொரு முறையையும் மேசைமேல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். வீடு, கடை, சிறு அலுவலகம் ஆகியவற்றுக்கு மாற்று வழி வைக்க நினைப்பவர்களுக்கு அந்தக் கணக்கு உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரூட்டர் எப்படி முடிவெடுக்கிறது என்று பார்த்துவிடலாம். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் போவது என்ற ஒரு பட்டியல் அதனிடம் இருக்கிறது. ஒரு முகவரிக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் வரி எதுவோ அதுதான் முதலில் செல்லும். எதுவும் பொருந்தாதபோது 0.0.0.0/0 என்ற டிஃபால்ட் ரூட். ஒரே இலக்குக்கு இரண்டு வரிகள் இருந்தால் 'டிஸ்டன்ஸ்' என்ற எண்ணைப் பார்த்து, சிறியதை எடுத்துக்கொள்ளும். சிஸ்கோ நிறுவனத்தின் ரூட்டர்களில் நாம் கையால் எழுதும் ஸ்டாடிக் ரூட்டுக்கு இது 1. ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி அறியும் முறைகளில், ஓஎஸ்பிஎஃப் சொல்லித்தரும் வழிக்கு 110, ரிப் சொல்வதற்கு 120. மைக்ரோடிக் என்ற இன்னொரு நிறுவனத்தின் ரூட்டரிலும் ஸ்டாடிக் ரூட்டுக்கு இயல்பாக 1தான். ஆகவே ஃபைபர் பக்கம் டிஸ்டன்ஸ் 1 என்றும், சிம் பக்கம் 10 என்றும் இரண்டு டிஃபால்ட் ரூட் எழுதினால், முதலாவது இருக்கும்வரை இரண்டாவது பட்டியலுக்கு வெளியே காத்துக்கிடக்கும். முதலாவது விலகினால் உள்ளே வரும். இதைத்தான் மிதக்கும் ரூட் என்கிறார்கள். நான் போட்டிருந்தது இதுதான்.

இந்த வீட்டையே எடுத்துக்கொண்டு சொன்னால் எளிது. முன்வாசல் அடைத்திருந்தால் பின்வாசல் வழியாகப் போ என்று வீட்டுக்காரருக்குச் சொல்லியாயிற்று. ஆனால் தெருமுனையில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். முன்வாசலோ விரியத் திறந்துகிடக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பள்ளம் தெரியாது. போகிறவர்களையெல்லாம் முன்வாசல் வழியாகவே அனுப்பிக்கொண்டிருப்பார்.

லாரி அறுத்தது தெருவில் இருக்கும் ஃபைபரை. வீட்டுக்குள் அந்த ஃபைபர் வந்து முடிவது ஓஎன்டி என்ற சிறு பெட்டியில். அங்கிருந்து ரூட்டருக்கு இரண்டு முழ நீளத்தில் ஒரு லேன் கேபிள். ஓஎன்டிக்கு மின்சாரம் இருக்கும்வரை அந்தக் கேபிளின் விளக்கு பச்சையாகவே எரியும். 'எல்ஓஎஸ்' என்று எழுதிய சிவப்பு விளக்கு ஓஎன்டியில் கண் சிமிட்டுகிறது, ரூட்டரோ தன் பக்கத்துப் பச்சை விளக்கைப் பார்த்துத் திருப்தியாக இருக்கிறது. மாற்று வழி அமைப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த இரண்டு முழக் கேபிளில்தான் இருக்கிறது. இரண்டாவது வழி வைப்பது ஐந்து நிமிட வேலை. முதல் வழி செத்துவிட்டது என்று ரூட்டருக்குத் தெரியவைப்பதுதான் வேலை.

இனி முறைகள். மிக எளியது கையால் மாற்றுவது. இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். காரைக்குடியில் ஒரே ஆள் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கும் கடைக்கு இது போதும். ஃபைபர் நின்றால் தன் போனின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து கணினியை அதில் இணைத்துக்கொள்வார். செலவு இல்லை, பழுதாக ஒன்றும் இல்லை. ஆனால் கானாடுகாத்தான் வீட்டில் இரவுக் காவலர் ஒருவரும் சமையல்காரர் இருவரும் மட்டுமே இருக்கும் நேரங்கள் உண்டு. அங்கே இது நடக்காது.

அடுத்தது வெறும் மிதக்கும் ரூட். இது பயனற்றது என்று சொல்ல மாட்டேன். அது பிழைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஓஎன்டியை பிரிட்ஜ் நிலையில் (வருவதை அப்படியே ரூட்டருக்குக் கடத்தும் நிலை) வைத்து, பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறையின் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ரூட்டரிலேயே கொடுத்திருந்தால், ரூட்டரும் இணைய நிறுவனத்தின் கருவியும் நேரடியாக அவ்வப்போது 'இருக்கிறாயா' என்று கேட்டுக்கொள்ளும். பதில் நின்றால் அந்த இணைப்பே விழும், ரூட்டும் கூடவே போகும், மாற்று வழி எழுந்துவிடும். தெருவில் அறுந்தது இப்போது ரூட்டருக்குத் தெரிகிறது. ஆனால் நிறுவனத்தின் கருவி உயிரோடு இருந்து, அதற்கப்பால் மதுரைக்கோ சென்னைக்கோ போகும் வழி அறுந்திருந்தால் தெரியாது. கானாடுகாத்தான் வீட்டிலோ ஓஎன்டியே ரூட்டராகவும் ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்ஜ் நிலைக்கு மாற்றித்தரக் கேட்டு மூன்று முறை போன் செய்தும் நடக்கவில்லை. ஆகவே இந்த முறையைத் தள்ளிவைத்தேன்.

மூன்றாவது, சோதனையோடு கூடிய மிதக்கும் ரூட். நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். ஆனால் இதிலும் முதல் தடவை தவறினேன்.

மைக்ரோடிக்கில் ரூட்டின் அமைப்பிலேயே கேட்வேயை, அதாவது அந்த வழியில் அடுத்து நிற்கும் கருவியை, பிங் செய்து ('இருக்கிறாயா' என்று கேட்டு) பார்க்கும் வசதி இருக்கிறது. பத்து விநாடிக்கு ஒரு முறை கேட்கும். தொடர்ந்து இரண்டு முறை பதில் வராவிட்டால் அந்த வழி செத்ததாகக் கொள்ளும். ஏறக்குறைய இருபது, முப்பது விநாடியில் இணைப்பு மாறிவிடும். விருந்தினர் பணம் செலுத்தும் செயலியை இரண்டாவது முறை தட்டுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஆகா என்று அதைச் செயல்படுத்திவிட்டு வந்தேன். மறுநாள் வேறொரு வேலைக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. ரூட்டரின் கேட்வே எது? 192.168.1.1. அது யார்? மேசைமேல் இருக்கும் அதே ஓஎன்டி. தெருவே இல்லாமல் போனாலும் அது பிங்குக்குப் பதில் சொல்லும். வண்டியைத் திருப்பினேன்.

ஆகவே பிங் செய்யும் முகவரி நிறுவனத்துக்கும் அப்பால் இருக்க வேண்டும். 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொதுவான முகவரிகளைப் பெரும்பாலோர் வைக்கிறார்கள். இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. 8.8.8.8 பதில் சொல்லாவிட்டால் சிம் பக்கம் போ என்று எழுதுகிறோம். ஃபைபர் அறுகிறது, பதில் நிற்கிறது, ரூட்டர் சிம்முக்குப் போகிறது. இப்போது அடுத்த பிங்கும் சிம் வழியாகவே போகும், பதிலும் வரும். ஃபைபர் உயிர்த்துவிட்டது என்று ரூட்டர் நினைத்துத் திரும்பும். பதில் நிற்கும். மறுபடி சிம். வளவில் குழந்தைகள் தூணுக்குத் தூண் ஓடித் தொட்டு விளையாடுவதைப்போல், அரை நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். அறுந்த இணைப்பைவிட இது மோசம். அறுந்தது என்றால் விருந்தினர் விட்டுவிடுவார், விட்டுவிட்டு வருவதை யாரும் பொறுக்க மாட்டார்கள்.

தீர்வு, அந்த 8.8.8.8 என்ற ஒற்றை முகவரிக்கு மட்டும் ஃபைபர் வழியாகத் தனியாக ஒரு ரூட் எழுதிவிடுவது. நெருக்கமாகப் பொருந்தும் வரிதான் முதலில் என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இங்கே உதவுகிறது. ஊர் முழுவதும் சிம் வழியாகப் போனாலும், சோதனை மட்டும் ஃபைபர் வழியாகவே போய்த் தலையை முட்டிப் பார்க்கும். சிஸ்கோவில் இதை, சோதிக்கும் ஐபி எஸ்எல்ஏ, அதன் முடிவைக் கவனிக்கும் டிராக் என்று இரண்டு துண்டாக எழுதி, டிஃபால்ட் ரூட்டின் வாலில் டிராக்கைக் கட்டுவார்கள். மைக்ரோடிக்கில் டிஃபால்ட் ரூட்டின் கேட்வேயாக 8.8.8.8-ஐயே கொடுத்து, அதை எட்டும் வழியாக ஓஎன்டியைக் காட்டுவார்கள். ஒரு வழியை இன்னொரு வழி மூலம் தேட அனுமதிக்கும் எண்கள் உண்டு: அந்த ஒற்றை முகவரி ரூட்டின் ஸ்கோப் 10, டிஃபால்ட் ரூட்டின் டார்கெட் ஸ்கோப் 11 என்று மைக்ரோடிக் மென்பொருளின் பதிப்பு 7-இல் கொடுக்க வேண்டும். பதிப்பு 6-க்கு எழுதிய பழைய குறிப்பைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டு, ஏன் எழவில்லை என்று விழிப்பவர்கள் பலர்.

இந்தத் தனி ரூட்டுக்கு ஒரு பக்க விளைவு உண்டு. ஃபைபர் அறுந்திருக்கும் நேரத்தில் வீட்டில் யாருக்கும் 8.8.8.8 எட்டாது. அதையே டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஆக வைத்திருக்கும் கருவிகள், சிம் இணைப்பு நன்றாக ஓடும்போதும் 'இணையம் இல்லை' என்று சாதிக்கும். சோதனைக்கு ஒரு முகவரி, டிஎன்எஸ்ஸுக்கு வேறு முகவரி என்று பிரித்துவைத்தால் தொல்லை இல்லை. ஒரே முகவரியை நம்பி வழியை மாற்றுவதும் சரியல்ல. அந்த ஒன்று ஏதோ காரணத்தால் பதில் சொல்ல மறுத்தால், நன்றாக ஓடும் ஃபைபரை விட்டுவிட்டு வீடு சிம்மில் உட்கார்ந்திருக்கும். இரண்டு முகவரிகள் வைத்து, இரண்டும் விழுந்தால் மட்டும் மாறச் செய்தேன்.

திரும்பி வருவதிலும் பொறுமை வேண்டும். ஃபைபரை ஒட்டவைக்கும்போது நாலைந்து முறை வந்து வந்து போகும். சிஸ்கோவின் டிராக்கில் விழும்போது இத்தனை விநாடி, எழும்போது இத்தனை விநாடி என்று தனித்தனித் தாமதம் கொடுக்கலாம். மைக்ரோடிக்கின் கேட்வே சோதனையில் அப்படிக் கொடுக்க இடமில்லை, நெட்வாட்ச் என்ற அதன் கண்காணிப்பு வசதியோடு ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ள வேண்டும். சீக்கிரம் விழு, நிதானமாக எழு என்பது என் வழக்கம். விழ முப்பது விநாடிக்குள், எழ ஐந்து நிமிடம்.

வழி மாறிய கணத்தில் ஓடிக்கொண்டிருந்த அழைப்புகள் அறுபடும், அதை இந்த முறையால் தடுக்க முடியாது. வெளியே தெரியும் முகவரியே மாறிவிடுவதுதான் காரணம். புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐயும் மறந்துவிடக் கூடாது. ஐபிவி4-க்கு மட்டும் மாற்று வழி எழுதிவிட்டு, ஐபிவி6-இன் டிஃபால்ட் ரூட்டைச் செத்த ஃபைபர் பக்கமே விட்டுவைத்தால், ஒவ்வொரு இணையப் பக்கமும் திறக்கத் தயங்கித் தயங்கி வரும். ஏன் என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போகும்.

நான்காவது, இரண்டு இணைப்பையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுச் சுமையைப் பங்கிடுவது. விற்பவர்கள் மிகவும் பரிந்துரைப்பது இதைத்தான். "சும்மா கிடக்கும் இணைப்புக்கு ஏன் பணம்?" என்ற கேள்வி செட்டிநாட்டில் உடனே எடுபடும். ஃபைபர் இரண்டு இருந்தால் நானும் சரி என்பேன். கல்யாண வீட்டுக்கு இது நல்லது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் உறவினர்கள் பார்க்கத் திருப்பூட்டை நேரலையில் அனுப்பும் அந்த ஒரு காலைப் பொழுதுக்கு, நேரலையை ஒரு ஃபைபரிலும், ஐந்நூறு விருந்தினர்களின் போன்களை இன்னொன்றிலும் பிரித்துவிடலாம். ஆனால் ஒன்று ஃபைபர், மற்றது நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்று அளந்து கொடுக்கும் சிம் என்றால், மதியத்துக்குள் அளவு தீர்ந்துவிடும். மாலை ஃபைபர் அறுந்தால் மாற்று இருக்காது. சேமித்துவைக்க வேண்டியதைச் செலவழித்துவிட்டு நிற்போம். ஒரே பயனரின் தொடர்புகள் இரண்டு முகவரிகளிலிருந்து போவதைக் கண்டு வங்கித் தளங்கள் வெளியே தள்ளுவதும் உண்டு. ஆளுக்கு ஒரு வழி என்று பிரித்தால் அது குறையும். முக்கியமாக, பங்கிட்டாலும் செத்த வழியைக் கண்டுபிடிக்கும் சோதனை இங்கேயும் வேண்டும். அது இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு இணையம் இருக்கும், பாதிப் பேருக்கு இருக்காது.

ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற, ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி அறிந்துகொள்ளும் முறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு இணைப்பில் நிறுவனம் உங்களோடு பிஜிபி பேசாது. காரைக்குடியில் தலைமைக் கடை, தேவகோட்டையில் ஒரு கிளை, திருப்பத்தூரில் ஒரு கிளை என்று வைத்து, இடையே விபிஎன் என்ற தனிப்பாதை போட்டிருப்பவர்களுக்கு ஓஎஸ்பிஎஃப் மிக நல்லது. இயல்பாகப் பத்து விநாடிக்கு ஒரு வணக்கம், நாற்பது விநாடி மௌனம் என்றால் வழி மாறும். எண்களைக் குறைத்தும் வைக்கலாம். ஒரே ஒரு வீட்டுக்கு இது எதற்கு?

கடைசியாக, ரூட்டரையே இரட்டிப்பது. விஆர்ஆர்பி என்ற முறையில் இரண்டு ரூட்டர்கள் ஒரே கேட்வே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். முதன்மையானது விநாடிக்கு ஒரு முறை 'இருக்கிறேன்' என்று அறிவிக்கும். மூன்று அறிவிப்பு தவறினால் அடுத்தது பொறுப்பேற்கும். மூன்று நான்கு விநாடியில் முடிந்துவிடும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் ரூட்டர் எப்படிச் சாகிறது? பெரும்பாலும் ஐப்பசி இடியில். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் செம்புக் கேபிள் வழியாக மின்னல் வந்தால், ஒரே சுவிட்சில் கட்டியிருக்கும் இரண்டு ரூட்டரும் ஒன்றாகவே போகும். அந்தப் பணத்துக்கு அதே ரூட்டரை இன்னொன்று வாங்கி, அமைப்பை ஏற்றி, எந்தக் கேபிளும் மாட்டாமல் பீரோவில் வைத்துவிடுவேன். எந்தக் கேபிள் எந்தத் துளைக்கு என்று நிறம் ஒட்டி வைத்திருந்தால் மேலாளரே பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்.

எந்த முறையைத் தேர்ந்தாலும், இரண்டாவது இணைப்பு உண்மையிலேயே வேறு வழியாக வருகிறதா என்று நடந்துபோய்ப் பாருங்கள். சிம்முக்குப் பதிலாக வேறொரு நிறுவனத்தின் ஃபைபரை வாங்கலாமே என்று பங்காளிகளில் ஒருவர் கேட்டார். வேகமும் கூடும், விலையும் குறைவு. அவரையும் அழைத்துக்கொண்டு வாசலிலிருந்து தெருமுனை வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். இரண்டு நிறுவனங்களின் கேபிள்களும் ஒரே மின்கம்பத்தில், ஒரே கொக்கியில், ஒன்றையொன்று பின்னிக்கொண்டு தொங்கின. அதே லாரி வந்தால் இரண்டையும் சேர்த்தே இழுத்துப்போகும். அவர் அதற்கு மேல் பேசவில்லை. சிம்முக்கும் ஒரு குறை உண்டு. பெரும்பாலும் 100.64.0.0/10 போன்ற பகிர்வு முகவரியைத்தான் தருவார்கள். வெளியிலிருந்து நேரடியாக வீட்டுக் கேமராவைத் திறந்து பார்ப்பது அதில் நடக்காது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் கேமரா பார்ப்பது கேமரா நிறுவனத்தின் செயலி வழியாக என்பதால் எங்களுக்கு அது தடையாகவில்லை. கேமராப் பதிவுகள் மேகச் சேமிப்புக்கு ஏறுவதை மட்டும், சிம்மில் ஓடும் நேரத்தில் ரூட்டரில் தடுத்துவிட்டேன்.

அமைத்து முடித்த பிறகு சோதனை. பெரும்பாலோர் ரூட்டரின் லேன் கேபிளைப் பிடுங்கி, மாறுகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன். லேன் கேபிளைப் பிடுங்கினால் வெறும் மிதக்கும் ரூட்கூடத் தேறிவிடும், ஏனென்றால் அது முன்வாசலைச் சாத்துவது. இந்தத் தடவை ஓஎன்டியின் அடியில் இருக்கும் பச்சைத் தலை ஃபைபரை உருவினேன். சிவப்பு விளக்கு சிமிட்டியது. லேன் விளக்கு பச்சையாகவே நின்றது. ஆச்சி பட்டாலையில் உட்கார்ந்து போனில் பேத்தியின் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் உறைந்தது. மேலாளர் வாய்விட்டு எண்ணினார். இருபத்தாறில் பேத்தி மறுபடி பாட ஆரம்பித்தாள்.

"கரண்ட் போனால்?" என்றார் ஆச்சி, போனிலிருந்து கண் எடுக்காமல்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாளை நான் கணக்கில் வைக்கவே இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும் கட்டப்பட்டிருந்தது. ரூட்டர், ஓஎன்டி, சிம் பெட்டி மூன்றையும் அதே இன்வெர்ட்டர் வரிசையில் ஒரு பிளக்கில் சேர்த்தோம். இன்னும் மிச்சமிருப்பது சிம் பெட்டிக்கான ஆன்டெனா. மொட்டைமாடியிலிருந்து அதன் கேபிளை இறக்க, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரில் துளை போட ஆச்சி ஒப்புக்கொள்ளவில்லை. வளவின் மழைநீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டி இறக்கலாமா என்று இந்த வாரம் போய் அளந்து பார்க்க வேண்டும்.